எப்போது நிறுத்துவது? பிராட்மனின் வாழ்க்கை சொல்லும் பாடம்

1932ஆம் ஆண்டு கோடையில் ஒன்ராறியோவின் குவெல்ஃப் நகரத்தில் ஒரு 23 வயது இளைஞர் 260 ஓட்டங்கள் அடித்தார். பந்து வீசியது மேற்கு ஒன்ராறியோ அணி. அடித்தவர் டொன் பிராட்மன். நாங்கள் இருக்கிற அஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே போனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்த ஊருக்குப் போய்ச் சேரலாம். எங்கட சனத்தில் பலருக்கு இந்தக் கதை தெரியாது. கனடாவுக்குக் கிரிக்கெட்டை நாங்கள்தான் சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்தோம் என்று ஒரு நினைப்பு.

பிராட்மனைப் பற்றி இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அஜக்ஸ், பிக்கறிங், ஸ்காபரோ பக்கம் பிள்ளைகளை விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற பெற்றோர் மத்தியில் ஒவ்வொரு கோடையும் ஒரே வாக்குவாதம் கிளம்பும். வெற்றி உறுதியான பிறகும் பலவீனமான அணியைப் போட்டு அடிக்கலாமா? வெல்ல வேண்டும் என்பதற்காக நேரத்தை இழுத்தடிக்கலாமா? கிரிக்கெட்டில் மட்டுமல்ல, ஐஸ் ஹொக்கியிலும் சொக்கரிலும், எங்கட பிள்ளைகள் உயர்பள்ளியில் ஹெல்மெட் போட்டு விளையாடும் ஃபுட்போலிலும் இதே கேள்விதான். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடித்தவர் பிராட்மன். அடித்தவரும் அவர்தான், அடி வாங்கியவரும் அவர்தான்.

அவர் பிறந்தது 1908 ஓகஸ்ட் 27ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் கூட்டமண்ட்ரா என்ற சிற்றூரில். வளர்ந்தது பௌரல் என்ற ஊரில். வீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் செங்கல் அடித்தளத்தில் கொல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடிப்பது அந்தப் பையனின் பொழுதுபோக்கு. கூட விளையாட ஆளில்லாத பிள்ளை தானே கண்டுபிடித்த விளையாட்டு. அந்தப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. பிற்காலத்தில் எந்தப் பந்துவீச்சாளரும் அவரைத் திகைக்க வைக்க முடியாமல் போனதற்கு அந்தத் தொட்டியும் ஒரு காரணம் என்று எழுதாத கிரிக்கெட் எழுத்தாளர் இல்லை.

ஆனால் அவருடைய முதல் டெஸ்ட் பெருமைக்குரிய கதை அல்ல. 1928 நவம்பர் கடைசியில் பிறிஸ்பனில் இங்கிலாந்துடன் ஆட்டம். இங்கிலாந்து 521 ஓட்டங்கள். அவுஸ்திரேலியா 122க்குச் சுருண்டது. 399 ஓட்டங்கள் பின்னால் நிற்கும் அணியை உடனே திரும்பத் துடுப்பெடுத்தாட வைத்திருக்கலாம். இங்கிலாந்து அப்படிச் செய்யவில்லை. தானே மறுபடி துடுப்பெடுத்தாடி இன்னொரு 342 ஓட்டங்களைச் சேர்த்தது. 742 ஓட்ட இலக்கைப் பார்த்துக்கொண்டு இறங்கிய அவுஸ்திரேலியா 66க்கு முடிந்தது. தோல்வி 675 ஓட்டங்களால். டெஸ்ட் வரலாற்றில் ஓட்ட வித்தியாசத்தில் மிகப் பெரிய தோல்வி இன்றைக்கும் அதுதான். 20 வயதுப் பிராட்மன் எடுத்தது 18, பிறகு 1. அடுத்த டெஸ்டுக்கு அவரை நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளைகளின் அணி பெரிய வித்தியாசத்தில் தோற்றால் அந்தப் பிள்ளைகள் விளையாட்டையே விட்டுவிடுவார்கள் என்று சொல்கிற பெற்றோர் இருக்கிறார்கள். எல்லாப் பிள்ளையும் விடாது. பிராட்மன் விடவில்லை. மூன்றாவது டெஸ்டுக்குத் திரும்பிவந்து சதம் அடித்தார். ஆனால் அவர் ஒருவர். அந்த அணியில் மற்றவர்களும் இருந்தார்கள். பிராட்மன்களை மட்டும் பார்த்துச் சட்டம் போட முடியாது.

பதினான்கு மாதம் கழித்து, 1930 ஜனவரியில், சிட்னியில் குயின்ஸ்லாந்து அணிக்கு எதிராக நியூ சவுத் வேல்ஸுக்காக அவர் ஆட்டமிழக்காமல் 452 ஓட்டங்கள் எடுத்தார். எடுத்துக்கொண்ட நேரம் 415 நிமிடங்கள். முதல் இன்னிங்ஸில் இரு அணிகளுக்கும் வித்தியாசம் வெறும் 8 ஓட்டங்கள். இரண்டாவது இன்னிங்ஸில் பிராட்மனின் அணி 8 விக்கெட்டுக்கு 761. குயின்ஸ்லாந்து 84. தோல்வி 685 ஓட்டங்களால். ஆச்சரியம் என்னவென்றால், அடி வாங்கிய அந்தக் குயின்ஸ்லாந்து வீரர்களே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வந்தார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பெரிய ஓட்ட எண்ணிக்கை தானாகவே அவமானம் ஆகிவிடாது என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

அதே வருடம் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட்களில் 974 ஓட்டங்கள். ஒரு தொடரில் எவரும் அதைத் தாண்டவில்லை. லீட்ஸில் ஒரே நாளில் 309, மொத்தம் 334. அது உலகப் பொருளாதார மந்தநிலைக் காலம். அவுஸ்திரேலியாவில் வேலையில்லாமல் சனம் வரிசையில் நின்ற காலம். அந்தச் சனத்துக்கு இந்தச் சின்ன உருவம் எவ்வளவு அடித்தாலும் போதவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1932இல் அவர் கனடாவுக்கு வந்தார். ஆர்தர் மெய்லி என்ற சுழற்பந்து வீச்சாளர் ஒழுங்கு செய்த பயணம். ஏப்ரல் கடைசியில் ஜெஸ்ஸியைக் கல்யாணம் செய்தவர் தேனிலவையும் சேர்த்து முடித்துக்கொண்டார். கனடாவிலும் அமெரிக்காவிலுமாக ஐம்பது ஆட்டங்கள் அளவில். எதிரணிகள் பலவற்றில் பதினொரு பேருக்குப் பதில் பதினைந்து, பதினெட்டுப் பேர் களத்தில் நின்றார்கள். அப்படியும் பிராட்மன் 3,700க்கு மேல் ஓட்டங்கள் குவித்தார். நியூயோர்க்கில் பேஸ்போல் வீரர் பேப் ரூத்தைச் சந்தித்தார்.

குவெல்ஃபில் அந்த 260ஐ யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. சனம் வந்ததே அவர் அடிப்பதைப் பார்க்கத்தான். அவர் 30 ஓட்டங்களோடு மரியாதையாக வெளியேறியிருந்தால்தான் ஏமாந்திருப்பார்கள். ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதிரே நிற்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

அளவுக்கு மீறி அடித்தால் எதிராளி சும்மா இருப்பதில்லை. கனடாவிலிருந்து திரும்பிய சில மாதங்களில் அது தெரிந்தது. 1932-33 தொடரில் இங்கிலாந்துத் தலைவர் டக்ளஸ் ஜார்டின், பம்பாயில் பிறந்தவர், பிராட்மனை அடக்க ஒரு வழி கண்டுபிடித்தார். விக்கெட்டுக்கு அல்ல, உடம்புக்குப் பந்து வீசுவது. லார்வூட்டின் வேகத்தில் அவுஸ்திரேலிய வீரர்கள் அடிபட்டார்கள், ஒருவரின் மண்டையோடு வெடித்தது. இரு நாட்டு உறவே பழுதாகும் நிலை வந்தது. அந்தத் தொடரில் பிராட்மனின் சராசரி 56.57. மற்றவர்களுக்கு அது கனவு. அவருக்குத் தோல்வி.

1934இல் குடல்வால் அழற்சி முற்றி இங்கிலாந்தில் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். 1936 ஒக்டோபரில் அவருடைய முதல் பிள்ளை பிறந்து ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. அந்தத் துக்கத்தோடுதான் டிசம்பர் தொடக்கத்தில் தொடங்கிய டெஸ்ட் தொடருக்கு முதல் தடவையாகத் தலைமை தாங்கப் போனார். முதல் இரண்டு டெஸ்ட்களிலும் தோல்வி. அவரைத் தலைமையிலிருந்து தூக்க வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின.

மூன்றாவது டெஸ்ட் மெல்பேர்ணில், 1937 புத்தாண்டு தினத்தில் தொடங்கியது. நேரத்தைக் கையாளுவது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் எடுக்கும் ஆட்டம் இதுதான். அந்தக் காலத்தில் ஆடுகளத்தை மூடி வைப்பதில்லை. மழையில் நனைந்து வெயிலில் காய்கிறபோது பந்து கண்டபடி எகிறும். பிறகு நன்றாகக் காய்ந்துவிட்டால் சரியாகிவிடும். மழை வந்தது. பிராட்மன் 9 விக்கெட்டுக்கு 200 என்ற நிலையில் டிக்ளேர் செய்தார், அதாவது எங்களுக்கு இந்த ஓட்டம் போதும், நீங்கள் ஆடுங்கள் என்று இன்னிங்ஸை முடித்துக்கொண்டார். இங்கிலாந்து அந்தச் சேற்றில் தடுமாறியது. அப்போது பிராட்மன் செய்த காரியம், தன் பந்துவீச்சாளர்களிடம் விக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொன்னதுதான். இங்கிலாந்து முடிந்துவிட்டால் அதே சேற்றில் தாங்கள் இறங்க வேண்டுமே. இங்கிலாந்துத் தலைவர் அலன் அதைப் புரிந்துகொண்டு 9 விக்கெட்டுக்கு 76இல் டிக்ளேர் செய்தபோது நேரம் பிந்திவிட்டது.

அடுத்தது இன்னும் நுட்பம். பிராட்மன் தன் துடுப்பாட்ட வரிசையைத் தலைகீழாக்கினார். துடுப்பைப் பிடிக்கவே தெரியாத ஓரைலி, ஃபிளீட்வூட்-ஸ்மித் போன்ற பந்துவீச்சாளர்களை முதலில் அனுப்பினார். நாள் முடிந்தது. மறுநாள் ஞாயிறு, ஓய்வு. வெயில் தன் வேலையைச் செய்தது. திங்கட்கிழமை ஏழாவது ஆளாக அவர் இறங்கியபோது 5 விக்கெட்டுக்கு 97. ஆடுகளம் காய்ந்திருந்தது. ஃபிங்கில்டனோடு சேர்ந்து 346 ஓட்ட இணைப்பாட்டம். பிராட்மன் 270. இங்கிலாந்துக்கு இலக்கு 689. அவுஸ்திரேலியா 365 ஓட்டங்களால் வென்றது. பிறகு தொடரையும் 3-2 என்று எடுத்தது. முதல் இரண்டு டெஸ்டையும் தோற்று ஐந்து டெஸ்ட் தொடரை வென்ற அணி இன்றுவரை வேறு இல்லை.

இது ஏமாற்றா? என் கணக்கில் இல்லை. விதி மீறப்படவில்லை. இரண்டு தலைவர்களுக்கும் ஒரே வானம், ஒரே சேறு. ஆட்டம் இன்னும் யார் பக்கமும் சாயவில்லை. முடிவு தெரியாத ஆட்டத்தில் நேரத்தைப் பாவிப்பது மூளையைப் பாவிப்பது. ஃபுட்போலில் கடைசி நிமிடங்களில் முன்னணியில் இருக்கும் அணி பந்தை வாங்கி முழங்காலை நிலத்தில் ஊன்றிக் கடிகாரத்தை ஓட விடுவதும் இதே இனம்தான். அதில் இன்னொரு நல்ல பக்கமும் உண்டு: முழங்கால் ஊன்றுகிற அணி, இனிமேல் உங்களை அடிக்க மாட்டோம் என்றும் சேர்த்துச் சொல்லுகிறது.

பதினெட்டு மாதத்தில் சக்கரம் சுழன்றது. 1938 ஓகஸ்டில் லண்டன் ஓவல் மைதானம். கால எல்லை இல்லாத டெஸ்ட், எத்தனை நாளானாலும் முடிவு வரும்வரை ஆடலாம். இங்கிலாந்து ஆடிக்கொண்டே இருந்தது. லென் ஹட்டன் 13 மணித்தியாலத்துக்கு மேல் நின்று 364 ஓட்டங்கள் எடுத்து, பிராட்மனின் 334ஐத் தாண்டினார். மூன்றாம் நாள் பிராட்மன் தானே பந்து வீசப் போய், கால் மடங்கிக் கணுக்கால் முறிந்து, சகவீரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் இனித் துடுப்பெடுத்தாட மாட்டார் என்று தெரிந்த பிறகுதான் இங்கிலாந்துத் தலைவர் ஹமண்ட் டிக்ளேர் செய்தார். அப்போது ஓட்ட எண்ணிக்கை 7 விக்கெட்டுக்கு 903. அவுஸ்திரேலியா ஒரு இன்னிங்ஸாலும் 579 ஓட்டங்களாலும் தோற்றது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஃபுட்போலிலும் ஹொக்கியிலும் கடிகாரம் முன்னணியில் இருப்பவனின் கூட்டாளி. நேரம் முடிந்தால் அவன் வென்றான். டெஸ்ட் கிரிக்கெட்டில் தலைகீழ். நேரம் முடிந்தால் வெற்றி தோல்வி இல்லை. 600 ஓட்டம் முன்னால் நின்றாலும் எதிரணியின் பத்து விக்கெட்டையும் எடுக்காமல் வெல்ல முடியாது. அதனால் வெல்ல வேண்டும் என்றால் அடிப்பதை நிறுத்த வேண்டும். வேறு எந்தப் பெரிய விளையாட்டிலும் பலமான அணி தானே கையை உயர்த்தி எனக்குப் போதும் என்று சொல்லுகிற ஏற்பாடு இல்லை. டிக்ளேர் செய்வதை இரக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அது சுயநலம்தான். ஆனால் அந்தச் சுயநலம் இரக்கம் செய்கிற வேலையைச் செய்கிறது. கடிகாரத்தை எடுத்துவிட்டால் 903தான். ஏழு மாதம் கழித்து டர்பனில் இன்னொரு கால எல்லையற்ற டெஸ்ட் பத்து நாட்கள் இழுபட்டு, இங்கிலாந்து அணி கப்பலைப் பிடிக்க வேண்டுமென்று முடிவில்லாமலே கைவிடப்பட்டது. அதோடு அந்த வகை ஆட்டத்துக்கே மூடுவிழா.

பிறகு யுத்தம். பிராட்மன் உடல்நிலை காரணமாகப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1946இல் மீண்டும் பிறிஸ்பன். 1928இல் அவர் நொறுங்கிப்போன அதே நகரம். 28 ஓட்டங்களில் அவர் கொடுத்த பிடியை இங்கிலாந்து உறுதி என்று நம்பியது, நடுவர் இல்லை என்றார். பிராட்மன் நின்று 187 எடுத்தார். அவுஸ்திரேலியா 645. பின்பு மழை, சேறு. இங்கிலாந்து ஒரு இன்னிங்ஸாலும் 332 ஓட்டங்களாலும் தோற்றது. இங்கிலாந்து அணியில் யுத்தத்தில் விமானம் ஓட்டிய பில் எட்ரிச் இருந்தார். எதிரே பந்து வீசிய கீத் மில்லரும் யுத்த விமானி. அந்தச் சேற்று ஆடுகளத்தில் எட்ரிச்சின் உடம்புக்கு வீச மில்லருக்கு மனம் வரவில்லை. இன்னும் வேகமாக வீசச் சொல்லித் தலைவர் தூண்டியதை அவர் பின்னாளில் கசப்போடு நினைவுகூர்ந்தார்.

1948 மார்ச்சில், இங்கிலாந்துக்குப் போகும் வழியில், பிராட்மனின் கப்பல் கொழும்பில் நின்றது. தமிழ் யூனியன் கழகத்தின் ஓவல் மைதானத்தில், இன்று பி. சரா மைதானம் என்று அழைக்கப்படும் இடத்தில், ஒரு நாள் ஆட்டம். இலங்கை அணியின் தலைவர் எம். சதாசிவம். முந்தைய வருடம்தான் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் அடித்தவர், பிற்காலத்தில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும்கூடத் தலைமை தாங்கியவர். நாணயச் சுழற்சிக்குப் பிராட்மனோடு நடந்து போனது ஒரு தமிழர் என்பது எங்கட அப்பாமாரின் தலைமுறைக்குப் பெரிய பெருமை. அன்று பிராட்மன் எடுத்தது 20 ஓட்டங்கள்தான். ஆட்டத்துக்கு நடுவில் ஆடுகளத்தை அளந்து பார்த்தால் 22 யார் இருக்க வேண்டியது 20 யார்தான் இருந்தது. அந்தக் கதையை இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்லுகிற முதியவர்கள் ஸ்காபரோவில் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பிராட்மனுக்கு ஒரே நோக்கம். ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் திரும்புவது. மே 15ஆம் திகதி சவுத்தெண்டில் எசெக்ஸ் மாவட்ட அணி. யுத்தம் முடிந்து மூன்று வருடம், பங்கீட்டு அட்டையில் உணவு வாங்கும் நாடு. அந்த அணிக்கு எதிராக அவுஸ்திரேலியா ஒரே நாளில் 721 ஓட்டங்கள் அடித்தது. பிராட்மன் 187. நான்கு பேர் சதம். 2 விக்கெட்டுக்கு 364 என்ற நிலையில் கீத் மில்லர் இறங்கினார். முதல் பந்தையே அடிக்காமல் விட்டு, ஸ்டம்ப் பறக்க, திரும்பி நடந்துவிட்டார். ஆட்டத்தை வெல்ல இது தேவையில்லை என்பது மில்லரின் கருத்து என்று அன்றைக்கே எல்லோருக்கும் புரிந்தது. பிராட்மனுக்கும் புரிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. எசெக்ஸ் 83, பிறகு 187. இன்னிங்ஸாலும் 451 ஓட்டங்களாலும் தோல்வி.

இரண்டு மாதத்துக்குப் பிறகு லீட்ஸில் நடந்தது வேறு. கடைசி நாள் காலையில் இங்கிலாந்துத் தலைவர் யார்ட்லி இன்னும் இரண்டு ஓவர் ஆடிவிட்டு டிக்ளேர் செய்தார். ஆடுகளத்தைப் பாரமான உருளையால் உருட்ட வைத்து உடைப்பதற்கான தந்திரம். இலக்கு 404, நேரம் 345 நிமிடம் அளவில். அதுவரை டெஸ்ட் வரலாற்றில் நான்காவது இன்னிங்ஸில் எவரும் 400 அடித்து வென்றதில்லை. மொரிஸ் 182, பிராட்மன் ஆட்டமிழக்காமல் 173. கால் மணித்தியாலம் அளவில் மிச்சமிருக்க, 3 விக்கெட்டுக்கு 404. அந்த ஒவ்வொரு ஓட்டமும் தேவையான ஓட்டம். சவுத்தெண்டின் 721ஐயும் லீட்ஸின் 404ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த நாளின் துடுப்பாட்டத்தைச் சனம் இன்றும் கொண்டாடுகிறது என்று சொல்லத் தேவையில்லை.

ஓகஸ்டில் ஓவலில் கடைசி டெஸ்ட். இங்கிலாந்து 52 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பிராட்மன் இறங்கியபோது அவருடைய டெஸ்ட் சராசரி நூறில் நிற்க இன்னும் 4 ஓட்டங்கள் போதும். ஹொலிஸின் இரண்டாவது பந்தில் பூச்சியம். இதை எல்லோரும் அறிவார்கள். பலர் கவனிக்காதது அடுத்தது. அவுஸ்திரேலியா அந்த ஆட்டத்தை ஒரு இன்னிங்ஸாலும் 149 ஓட்டங்களாலும் வென்றது. வெற்றி அவ்வளவு பெரிதாக இருந்தபடியால் அவுஸ்திரேலியாவுக்கு இரண்டாவது இன்னிங்ஸே வரவில்லை. பிராட்மனுக்கு அந்த 4 ஓட்டங்களை எடுக்க இன்னொரு சந்தர்ப்பமும் வரவில்லை. 52 டெஸ்ட், 6,996 ஓட்டங்கள், சராசரி 99.94. 99 எடுத்த பிள்ளையிடம் மிச்ச ஒரு மார்க் எங்கே என்று கேட்கிற எங்கட அப்பா அம்மாமாருக்கு இந்த எண்ணை விடப் பொருத்தமான எண் கிடைக்காது.

அதே வருட டிசம்பரில் இந்தியாவின் பூனாவில் நடந்ததை மற்றப் பக்கத்தின் கதையாக வாசிக்கலாம். மகாராஷ்டிராவுக்காக பி. பி. நிம்பல்கர், கத்தியவார் அணிக்கு எதிராக 443 ஓட்டங்களில் ஆட்டமிழக்காமல் நின்றார். பிராட்மனின் 452ஐத் தாண்ட இன்னும் 10 ஓட்டங்கள். மகாராஷ்டிரா 4 விக்கெட்டுக்கு 826. இடைவேளையில் கத்தியவார் தலைவர், ராஜ்கோட் அரச குடும்பத்தவர், இனி ஆட மாட்டோம் என்று ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அணியோடு போய்விட்டார். தன் அணியின் பெயர் அப்படி ஒரு சாதனைப் பட்டியலில் ஏறுவதை அவர் விரும்பவில்லை. நிம்பல்கருக்கு இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்கவில்லை. எங்கட ஊர்க் கதையும் உண்டு. 1885இல் கொழும்பில் ரோயல் கல்லூரி, சென் தோமஸ் கல்லூரிக்கு எதிராக 9 ஓட்டங்களுக்குச் சுருண்டு, அடுத்த நாள் ஆட வரவில்லை. அது வெற்றியா, முடிவில்லா ஆட்டமா என்று இரண்டு கல்லூரியின் பழைய மாணவர்களும் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். அடிக்கிறவன் நிறுத்தாவிட்டால் வாங்குகிறவன் ஆட்டத்தையே நிறுத்திவிடுவான். அப்போது இரண்டு பேருக்கும் நட்டம்.

1949இல் பிராட்மனுக்கு சேர் பட்டம் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு அவர் அதிகம் வெளியே வராத மனிதர். பெருமூளை வாதத்தோடு பிறந்த மகளை வளர்த்தார், பங்குத் தரகு வேலை பார்த்தார், கிரிக்கெட் நிர்வாகத்தில் இருந்தார். 1960இல் தெரிவாளராக இருந்தபோது, பார்வையாளருக்காக விறுவிறுப்பாக ஆடுகிறவர்களைத் தெரிவாளர்கள் நல்ல கண்ணோடு பார்ப்பார்கள் என்று வீரர்களிடம் சொல்லிவைத்தார். அந்தத் தொடரின் முதல் டெஸ்டில், அதே பிறிஸ்பனில், கடைசி மணித்தியாலத்தில் நேரத்தைக் கடத்தித் தப்பிக்காமல் வெற்றிக்கு ஓடிய அவுஸ்திரேலியா மேற்கிந்தியத் தீவுகளோடு ஓட்டம் சமமாகி முடித்தது. டெஸ்ட் வரலாற்றின் முதல் சம ஓட்ட முடிவு. 1971இல் சபைத் தலைவராக, நிறவெறி தென்னாபிரிக்க அணியின் வருகையை ரத்துச் செய்தார். 2001 பெப்ரவரி 25ஆம் திகதி அடிலெய்டில் தன் 92ஆவது வயதில் காலமானார்.

இனி எங்கட ஊருக்கு வருவோம். கடந்த கோடையில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரின் ஒரு இருபது ஓவர் ஆட்டம் பார்த்தேன். ஒரு அணி இருநூறைத் தாண்டியது. மற்ற அணியில் பாதிப் பிள்ளைகள் அந்த வருடம்தான் பந்தைப் பிடித்தவர்கள். அவர்கள் முப்பதைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகும் வேகப்பந்துப் பிள்ளையையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏன் என்று கேட்டால் நிகர ஓட்ட வீதம் என்றார்கள். புள்ளி சமமானால் அதுதான் அரையிறுதியைத் தீர்மானிக்குமாம். பொய்யில்லை. 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் கனடா மகளிர் ஹொக்கி அணி ஸ்லோவாக்கியாவை 18-0 என்று அடித்தபோதும் கோல் வித்தியாசம் என்றுதான் நியாயம் சொன்னார்கள்.

பிழை பிள்ளைகளில் இல்லை, முழுக்கப் பயிற்சியாளரிலும் இல்லை. பிராட்மன் ஆடிய கிரிக்கெட்டில் நிறுத்துவதற்கு ஒரு காரணம் விதிக்குள்ளேயே இருந்தது. அப்படியும் அவர் சவுத்தெண்டில் நிறுத்தவில்லை. இருபது ஓவர் ஆட்டத்திலோ டிக்ளேர் செய்வதற்கு ஒரு தேவையும் இல்லை, நிகர ஓட்ட வீதம் அதற்கு மேலால் நிறுத்தாதே என்று சொல்லிக்கொடுக்கிறது. விதி சொல்லித்தராததைப் பெரியவர்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

அதற்காகப் பிள்ளையை மில்லர் மாதிரி வேண்டுமென்று ஆட்டமிழக்கச் சொல்லக் கூடாது. நல்லாய் ஆடுகிற பிள்ளைக்கு அது தண்டனை, எதிரே நிற்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அவமானம். செய்யக்கூடியவை வேறு. ஐம்பது அடித்த பிள்ளை ஓய்வெடுத்து அடுத்தவனுக்கு இடம் விடலாம். இன்னும் துடுப்பைத் தொடாத பிள்ளையை மேலே இறக்கலாம். வேகப்பந்துக்காரனை நிறுத்திச் சுழற்பந்து பழகுகிறவனிடம் பந்தைக் கொடுக்கலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஆட்டங்களில் நிகர ஓட்ட வீதத்தை எடுத்துவிட்டு, இரு அணிகளும் மோதிய ஆட்டத்தின் முடிவை வைத்துத் தீர்மானிக்கலாம். இவை எதற்கும் பணம் தேவையில்லை, ஒரு கூட்டத்தில் கையுயர்த்தினால் போதும்.

வெற்றி இன்னும் நிச்சயமில்லை என்றால் மெல்பேர்ணில் பிராட்மன் செய்ததுபோல வரிசையைத் தலைகீழாக்குங்கள், நிமிடங்களை எண்ணுங்கள், வெயிலுக்குக் காத்திருங்கள். பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக்கொடுங்கள், அது விளையாட்டின் அறிவு. வெற்றி நிச்சயமான பிறகு எடுக்கிற ஓட்டங்கள் யாருக்காக என்று ஒருதரம் கேளுங்கள். குவெல்ஃபில் அது பார்க்க வந்த சனத்துக்காக. சவுத்தெண்டில் அது யாருக்காக என்று மில்லருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.